வீடியோ காலில் நுரையீரல் டாக்டர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கி மூச்சு வாங்கவைக்கும் சிஓபிடி, ஆஸ்துமா, நுரையீரல் தழும்பாகி இறுகும் ஐஎல்டி போன்ற நாள்பட்ட நோய்கள் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் தொலைமருத்துவம் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூச்சு வாங்கும் ஒருவருக்கு மருத்துவமனைக்குப் போய்வருவதே பெரிய உழைப்பு. ஒருமுறை போய் வந்த அலுப்பில் மறுநாள் முழுக்க எழுந்திருக்க முடியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வசதியை மனமார வரவேற்கிறேன். எது வீட்டிலிருந்தே முடியும், எதற்குக் கிளம்பித்தான் ஆக வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, சிஓபிடி. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்சிமீட்டரில் எப்போதும் 90, 91 தான் காட்டுகிறது. வீடியோவில் பார்த்த டாக்டர் ‘பரவாயில்லை’ என்கிறார். 95க்குக் கீழே போனாலே ஆபத்து என்றுதானே கேள்விப்பட்டோம்?

பதில்: 95 என்பது நல்ல நுரையீரலுக்கான கணக்கு. சிஓபிடி முற்றியவர்களில் சிலருக்கு உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். அவர்களுக்கு நோய் தீவிரமாகி ஆக்சிஜன் கொடுக்கும்போதுகூட 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றுதான் நாங்கள் வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் ஏற்றினால் கெடுதல் வரலாம். அப்பாவுக்கு வழக்கமாகவே 90, 91 என்றால் உங்கள் டாக்டர் சொன்னது சரி.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அப்பாவுடைய சொந்த எண்ணை. அவர் நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில் தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, எண் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து குறித்துவையுங்கள். நெயில் பாலிஷ் இருக்கக் கூடாது. பிறகு என்றைக்காவது அந்த வழக்கமான எண்ணிலிருந்து மூன்று நான்கு குறைந்து, அப்படியே நின்றால் உடனே அழையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கருவி எல்லோர் தோலிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் ரத்தப் பரிசோதனையில் 88க்குக் கீழே இருந்தவர்கள், வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடையே ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். கருமையான தோல் உள்ளவர்களிடம் கருவி கூட்டிக் காட்டக்கூடும். அதனால் எண் நன்றாக இருந்து ஆள் சோர்ந்து தெரிந்தால், கருவியை விட்டுவிட்டு ஆளைக் கவனியுங்கள்.

வீடியோ கால் தொடங்கியதும் டாக்டரிடம் முதலில் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: மூச்சிரைப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா, சளி கூடியிருக்கிறதா, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருக்கிறதா. ஆன்டிபயாடிக் தேவையா என்று முடிவெடுக்க இந்த மூன்றும்தான் எங்களுக்கு அதிகம் உதவும். அப்புறம், அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு நிமிடம் முழுக்க அவர் மூச்சை எண்ணிவையுங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும்.

கேள்வி: இன்ஹேலர் போட்டும் இளைப்பு குறையவில்லை. வேறு மருந்து எழுதித் தரச் சொல்லி வீடியோவிலேயே கேட்கலாமா?

பதில்: கேட்பதற்கு முன் டாக்டர் பார்க்கும்படி ஒருமுறை இன்ஹேலரைப் போட்டுக்காட்டுங்கள். கேமரா சற்றுப் பக்கவாட்டில், முகமும் நெஞ்சும் தெரிய இருக்கட்டும். நேரில் வருபவர்கள் பலர் மருந்துச் சீட்டைத்தான் கொண்டுவருவார்கள், இன்ஹேலரை வீட்டில் வைத்துவிடுவார்கள். வீடியோவில் எல்லாமே கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் வீடியோ நேரில் பார்ப்பதைவிட மேல் என்றே சொல்வேன். ஒருமுறை ஒரு பெரியவரிடம் இன்ஹேலரின் பின்பக்கத்தைக் கேமராவில் காட்டச் சொன்னேன். கவுன்ட்டர் 0 என்று இருந்தது. எத்தனை நாளாக அவர் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தாரோ!

அதிகம் நடக்கும் தவறு வேகத்தில்தான். அழுத்தினால் மருந்து பீய்ச்சும் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க விட்டுவிட்டு, அழுத்தியபடியே மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பொடி மருந்து இன்ஹேலரில் இதற்கு நேர்மாறு: வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி உள்ளே போகும். இன்ஹேலருக்குள் மூச்சை ஊதிவிடக் கூடாது, பொடி ஈரமாகிவிடும். இரண்டிலும் இழுத்த பிறகு முடிந்தால் 10 விநாடி மூச்சைப் பிடியுங்கள். இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் ஒன்றின் முறையை மற்றதில் செய்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

கேள்வி: தினமும் ஆக்சிஜன் அளவையும் அறிகுறிகளையும் அனுப்பும் கண்காணிப்புக் கருவி வாங்கலாமா? மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை வராமல் அது தடுக்குமா?

பதில்: கருவி மட்டும் தடுக்காது. ஸ்காட்லாந்தில் 256 சிஓபிடி நோயாளிகளை ஓர் ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2013இல் வெளியானது. பாதிப் பேருக்கு இப்படிப்பட்ட தினசரிக் கண்காணிப்பு, மீதிப் பேருக்கு இல்லை. மற்ற மருத்துவக் கவனிப்பு இரு தரப்புக்கும் ஒன்றுதான். மருத்துவமனையில் சேர்வது கண்காணிப்பால் தள்ளிப்போகவில்லை. நல்ல கவனிப்பு ஏற்கெனவே இருந்தால், கருவி அதற்கு மேல் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதனால் வாங்கும் முன் கேளுங்கள்: நான் அனுப்பும் எண்களை யார் பார்ப்பார்கள், ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் பார்ப்பார்களா, எண் குறைந்தால் என்ன செய்வார்கள்? தெளிவான பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பி, அழைக்க வேண்டிய நேரத்தில் நீங்கள் அழைக்காமல் இருந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைக் கொடுத்து மூச்சுக்கு உதவும் பைபாப் இயந்திரத்தை வீட்டில் போட்டுத் தூங்குபவர்கள் விஷயம் வேறு. பல இயந்திரங்கள் எத்தனை மணி நேரம் போட்டார்கள், முகமூடியில் எவ்வளவு கசிவு என்பதை அனுப்பிவிடும். அதைப் பார்த்து அமைப்பையும் தூரத்திலிருந்தே மாற்ற முடிகிறது. இதனால் நல்ல பலன் உண்டு.

கேள்வி: நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை போகச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. வீடியோ வழியாகச் செய்தால் பலன் இருக்குமா?

பதில்: இருக்கும், தாராளமாகச் செய்யுங்கள். சுமார் 1,900 பேர் பங்கேற்ற 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2021இல் வந்தது. தொலைவழிப் பயிற்சியின் பலன் மையத்துக்குப் போய்ச் செய்வதைப் போலவே இருந்தது, பாதுகாப்பிலும் குறை தெரியவில்லை. முதல் பரிசோதனைக்கு மட்டும் நேரில் போய்வாருங்கள். இதயத்தையும், நடக்கும்போது ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பயிற்சியின்போது விரலில் ஆக்சிமீட்டர் இருக்கட்டும், வீட்டில் யாராவது கூட இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மூச்சு வாங்கத்தான் செய்யும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, உங்களுக்குச் சொன்ன அளவுக்குக் கீழே எண் போனாலோ நிறுத்துங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு வருடமாக இருமல். வீடியோவிலேயே சிஓபிடியா என்று சொல்லிவிட முடியுமா?

பதில்: முடியாது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி இல்லாமல் சிஓபிடியை உறுதி செய்யக் கூடாது. எக்ஸ்ரேயும் தேவைப்படும். ஒருமுறை நேரில் போய்விடுங்கள்.

கேள்வி: எங்களிடம் ஸ்மார்ட்போன் இல்லை. சாதாரண போனில் பேசினால் டாக்டருக்கு ஏதாவது தெரியுமா?

பதில்: நிறையவே தெரியும். ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்கிறாரா, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிற்கிறாரா என்பது காதிலேயே விழும். அதனால் நோயாளியே பேசட்டும். பிள்ளைகள் போனை வாங்கிப் பேசும்போது எனக்கு அந்தத் தகவல் போய்விடுகிறது.

கேள்வி: அம்மாவுக்கு சிஓபிடி, வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் இருக்கிறது. மூச்சு வாங்கினால் நாங்களே நிமிடத்துக்கு 2 லிட்டர் என்பதை 4 ஆக வைத்துவிடுகிறோம். ஆக்சிமீட்டரில் 97 வருகிறது. ஆனால் இரண்டு நாளாகப் பகலிலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார், காலையில் தலைவலி என்கிறார். வீடியோவில் டாக்டரைப் பார்க்கட்டுமா?

பதில்: இவருக்கு அன்றைக்கே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே தவறு வேறு வீடுகளிலும் நடக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். இது வீடியோவுக்கான நிலை இல்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூக்கக் கலக்கம், காலைத் தலைவலி, குழப்பமான பேச்சு, நீட்டிய கை படபடவென்று ஆடுவது எல்லாம் கார்பன் டை ஆக்சைடு தேங்குவதன் அடையாளங்கள். ஆக்சிமீட்டர் ஆக்சிஜனைத்தான் காட்டும், இதைக் காட்டாது. தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆக்சிஜனை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. டாக்டர் முதலில் சொன்ன 2 லிட்டருக்கே கொண்டுவந்துவிட்டுக் கிளம்புங்கள். எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வருபவர்களிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: ‘சிஓபிடி நோயாளி, ஆக்சிஜன் 88 முதல் 92க்குள் இருக்க வேண்டும்.’