மேயரா, கமிஷனரா, நெடுஞ்சாலைத் துறையா? சேலம் நிர்வாகம் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஊர் நிர்வாகம் பற்றியவைதான். கேட்டவர்கள் பெயரை விட்டுவிட்டு ஏரியாவை மட்டும் போட்டிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அம்மாப்பேட்டை: மேயர்தான் மாநகராட்சிக்குத் தலைவர் என்கிறார்கள். ஆனால் எதைக் கேட்டாலும் "கமிஷனர்தான் முடிவு பண்ணணும்" என்கிறார்களே, ஏன் சார்?

ஏனென்றால் சட்டப்படி நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம்தான் இருக்கிறது. அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மேயர் மாமன்றக் கூட்டத்துக்கு, அதாவது கவுன்சிலர்கள் கூடும் சபைக்குத் தலைமை தாங்குவார், தீர்மானம் கொண்டுவருவார், களத்துக்குப் போய்ப் பார்ப்பார், ஆனால் ஒரு பொறியாளரை அவரால் வேறு மண்டலத்துக்கு மாற்ற முடியாது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகிற வேலை என்றால் மாமன்றம் ஒப்புக்கொண்டாலும் போதாது, கோப்பு சென்னைக்குப் போய்வர வேண்டும்.

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் இதை மாற்றும் என்று பலர் நம்பினார்கள். நகரத் திட்டமிடல், குடிநீர், சாலை, தீயணைப்பு, மயானம் என்று 18 பொறுப்புகளை 12-வது அட்டவணையில் எழுதி வைத்தது. ஆனால் அவற்றை மாநகராட்சியிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று மாநிலங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் இன்றைக்கும் தீயணைப்பு மாநில அரசிடம், நகரத் திட்டமிடலின் பெரும்பகுதி நகர் ஊரமைப்புத் துறையிடம் இருக்கிறது. கொல்கத்தாவில் மேயரும் அவருடைய குழுவும் ஒரு மந்திரிசபை போலவே நிர்வாகத்தை நடத்துகிறார்கள், ஆகவே இந்திய அரசியல் சட்டத்துக்குள் அது முடியாத காரியம் இல்லை. நாம் அந்த வழியில் போகவில்லை, அவ்வளவுதான்.

"மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடுமா?" என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். 1996, 2001, 2011-ல் நேரடியாகத்தான் ஓட்டுப் போட்டோம். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறையிலும் மேயரின் அதிகாரம் ஏறக்குறைய அதேதான். அதிகாரத்தைக் கொடுக்காமல் தேர்தல் முறையை மட்டும் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதைவிட எனக்கு வேதனை தருவது வேறு. 2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. பதவிக் காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தும் ஐந்து வருடத்துக்கு மேல் இங்கே ஒரு கவுன்சிலர்கூட இல்லை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குச் சேலம் தேர்வானது 2016 செப்டம்பரில். அதாவது பழைய பேருந்து நிலையத்தை இடித்து ஈரடுக்காகக் கட்டுவது மாதிரியான பெரிய முடிவுகள் எடுக்கப்பட்ட காலத்தில், "எங்க வார்டுல முதல்ல சாக்கடையைக் கட்டுங்க" என்று மாமன்றத்தில் எழுந்து சொல்ல ஆள் இல்லை. பெங்களூரு மாநகராட்சியிலும் 2020 செப்டம்பரில் மாமன்றக் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தேர்தல் நடக்கவில்லை. இதற்கு எதிராக மக்கள் பெரிய அளவில் குரல் கொடுக்காதது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அஸ்தம்பட்டி: எங்கள் தெரு ரோட்டைத் தோண்டிப்போட்டு மாதக்கணக்காகிறது. யாரைப் பிடிப்பது?

முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள். உள் தெரு என்றால் பெரும்பாலும் மாநகராட்சி. ஊருக்குள் ஓடுகிற பெரிய ரோடுகளில் பல மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. 2020-ல் திறந்த ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலமும் அந்தத் துறை கட்டியதுதான். அதன் கீழே பள்ளம் என்று மாநகராட்சியில் மனு கொடுத்தால் மனு சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம் தோண்டியது யார் என்று கேளுங்கள். பாதாள சாக்கடையா, குடிநீர்க் குழாயா, மின்வாரிய கேபிளா? வேறு துறை தோண்டினால் ரோட்டைத் திரும்பப் போட மாநகராட்சிக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் தோண்ட வேண்டும். பணம் கட்டியாச்சா, ரோடு போடும் டெண்டர் விட்டாச்சா, ஒப்பந்ததாரர் யார், எத்தனை வருடத்துக்குப் பழுதை அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்ற இந்த நான்கையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். எம்-புக் (வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) நகலும் கேட்கலாம், எத்தனை மீட்டர் போட்டதாக எழுதியிருக்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கும். கோபமாக எழுதிய பத்துப் புகாரைவிட இப்படி ஒரு மனு வேலை செய்யும்.

செவ்வாய்ப்பேட்டை: சொத்து வரியை இவ்வளவு ஏற்றியது நியாயமா?

ஏற்றிய விதம் நியாயமில்லை, ஏற்றியதற்குக் காரணம் உண்டு. சென்னை தவிர்த்த ஊர்களில் 2008-க்குப் பிறகு பொதுச் சீராய்வு, அதாவது எல்லாருடைய வரியையும் மொத்தமாகத் திருத்துவது, நிலைக்கவே இல்லை. 2018-ல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2022 ஏப்ரலில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று ஒரே அடியாக வந்தது. சொத்து வரியை ஒழுங்காக உயர்த்துகிற மாநிலத்துக்குத்தான் நகர்ப்புற மானியம் என்று மத்திய நிதியைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இந்த அடி விழுந்திருக்காது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். மாநகராட்சி தானாகச் சம்பாதிக்கிற வருமானத்தில் சொத்து வரி முக்கியமானது. மாநிலமும் மத்திய அரசும் கொடுப்பதில் பலவற்றைக் கொடுப்பவர் சொன்ன வேலைக்குத்தான் செலவு செய்ய முடியும். உங்கள் தெருவிளக்குக்கும் துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கும் சொந்தப் பணம் வேண்டும். உங்கள் வீட்டின் சதுர அடியைத் தப்பாக அளந்திருந்தால் விடாதீர்கள், மறு அளவீடு கேட்டு எழுதிக் கொடுங்கள். அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதையும் விடாதீர்கள்.

கொண்டலாம்பட்டி: திருமணிமுத்தாற்றைச் சுத்தப்படுத்தப் போகிறோம் என்று சின்ன வயசிலிருந்து கேட்கிறேன். ஏன் நடக்கவில்லை?

ஆறு உற்பத்தியாவது சேர்வராயன் மலையில். அங்கே வனத்துறையும் ஊராட்சிகளும். நகரத்துக்குள் வந்ததும் சாக்கடை மாநகராட்சிப் பொறுப்பு, ஆறு நீர்வளத் துறையுடையது, சாயக் கழிவைக் கண்காணிக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கரையில் குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடு கொடுப்பது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். நகரத்தைத் தாண்டிப் போய் நாமக்கல் பக்கம் காவிரியில் சேருகிறது. நாம் விடுகிற அழுக்கைக் குடிப்பது கீழே இருக்கிற விவசாயிகளின் கிணறுகள், அவர்களுக்கு நம் மாமன்றத்தில் ஓட்டே இல்லை. அதனால்தான் கரைக்குக் கான்கிரீட் சுவர் கட்டுவது சீக்கிரம் நடக்கிறது, கழிவுநீர் ஆற்றுக்குள் விழாமல் தடுப்பது நடப்பதில்லை. சுவருக்கு ஒரு டெண்டர் போதும். கழிவுநீரைத் தடுக்க ஒவ்வொரு வீட்டையும் பாதாள சாக்கடையில் இணைக்க வேண்டும், சுத்திகரிப்பு நிலையம் நாள் முழுக்க ஓட வேண்டும், இரவில் சாயத்தைத் திறந்துவிடுகிறவனைப் பிடிக்க வேண்டும்.

நான் கேட்பது, மலையிலிருந்து காவிரி வரை ஆற்றின் முழு நீளத்துக்கும் பொறுப்பான ஓர் அமைப்பு. அதில் கீழ்ப்பகுதி விவசாயிகளுக்கு இடம் வேண்டும், தண்ணீரின் தரத்தை மாதாமாதம் வெளியிட வேண்டும். இதைச் செய்யாமல் அழகுபடுத்தும் பணத்தை மட்டும் செலவழிப்பதை நான் எதிர்க்கிறேன்.

ஏற்காடு: சீசன் கூட்டத்தையும் குப்பையையும் மாநகராட்சி ஏன் கவனிப்பதில்லை?

ஏற்காடு மாநகராட்சி எல்லைக்குள் வராது, அதற்குத் தனி உள்ளாட்சி அமைப்பு. கோடை விழாவுக்கு வருகிற கூட்டம் பெரிய நகரத்தின் கூட்டம், அதைத் தாங்க வேண்டியது அந்தச் சின்ன உள்ளாட்சியின் வருமானமும் ஆட்களும். சேலத்திலிருந்து மேலே போகிறவர்களும் அந்தக் குப்பையைப் போடுகிறோம் என்பதால், அதைக் கீழே கொண்டுவந்து கையாளும் செலவில் மாநகராட்சி பங்கெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மாவட்ட ஆட்சியரிடம் இரண்டு பக்கமும் சேர்ந்து கேளுங்கள்.

சூரமங்கலம்: பகுதி சபை என்று ஒன்று இருக்கிறதாமே? போனால் பிரயோஜனம் உண்டா?

உண்டு, போங்கள். கிராமசபை மாதிரி நகரத்துக்கும் வேண்டும் என்று பல வருடம் கேட்ட பிறகு 2022-ல்தான் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. நமக்கு 60 வார்டு. ஒவ்வொன்றிலும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, அதற்குக் கீழே பகுதி சபைகள். உங்கள் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான், யாருடைய அழைப்பும் வேண்டாம்.

தனியாகப் போகாதீர்கள், தெருவில் நாலைந்து பேராகப் போங்கள், அதில் பெண்கள் இருக்கட்டும், ஏனென்றால் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பது அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். கேட்பதை எழுத்தில் கொடுத்து, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். பட்ஜெட்டுக்கு முந்தைய கூட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் சொல்லவில்லை என்றால் மண்டல அலுவலகத்தில் உதவி ஆணையரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.