ரோட்டரி மெஷினும் கார்ட்ரிட்ஜ் ஊசியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டாட்டூ போட எந்த ரோட்டரி மெஷின் வாங்கலாம் என்று கேட்டவை. மெஷினில் மாட்டும் ஊசிக்கூடான கார்ட்ரிட்ஜைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அது எனக்குக் கவலையாக இருக்கிறது. தோலுக்குள் போவதும் ரத்தத்தைத் தொடுவதும் கார்ட்ரிட்ஜ்தான். மெஷின் அதைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. அதனால் மெஷின் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டு, கார்ட்ரிட்ஜுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

அக்கா, பயிற்சித் தோலில் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் மெஷின் வாங்க வேண்டும். காயிலா, ரோட்டரியா? பேனா வடிவ வயர்லெஸ் மெஷின் நல்லதா? ஸ்ட்ரோக்கை மாற்றும் வசதி அவசியமா?
– கற்றுக்கொள்ளும் வாசகர்

ரோட்டரியே வாங்குங்கள், தம்பி. மின்காந்தச் சுருளால் ஊசியை ஓட்டும் காயில் மெஷினில் அருமையாகக் கோடு இழுப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அதில் ஸ்பிரிங், காண்டாக்ட் ஸ்க்ரூ, ஆர்மேச்சர் என்று ட்யூன் பண்ணுவதையே தனியாகக் கற்க வேண்டும். எடையும் அதிர்வும் அதிகம். பழகும் காலத்தில் உங்கள் கவனம் முழுக்கக் கையிலும் தோலிலும் இருக்க வேண்டும். ரோட்டரியின் வேலை எளிமையானது. மோட்டார் சுற்றும்; அதன் முனையில் மையத்தைவிட்டு விலகிய ஒரு சிறு சக்கரம், அதாவது கேம், இருக்கும்; அது ஊசியை மேலும் கீழும் ஓட்டும். ரோட்டரி என்றால் நேற்று வந்தது என்று நினைக்க வேண்டாம். 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி காப்புரிமை வாங்கிய மின் டாட்டூ மெஷின் ரோட்டரிதான். எடிசனின் 1876ஆம் ஆண்டு மின் பேனாவை ஒட்டி அதைச் செய்தார்.

ஸ்ட்ரோக் என்பது ஊசி மேலிருந்து கீழே போகும் மொத்தத் தூரம். தோலுக்குள் போகும் ஆழம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 4 மி.மீ. மெஷின் தோலை 4 மி.மீ. குத்திவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். மை தங்க வேண்டிய இடம் தோலுக்குள் சுமார் 1 முதல் 2 மி.மீ. ஆழம். அதை முடிவு செய்வது நுனிக்கு வெளியே ஊசி எவ்வளவு நீள்கிறது என்பதும் உங்கள் கையும். ஸ்ட்ரோக் நீளமானால், அதே வேகத்தில் சுற்றினாலும் ஊசி தோலை வேகமாகவும் அழுத்தமாகவும் தாக்கும். அதனால்தான் தடித்த கோட்டுக்கும் பெரிய ஊசிக் கூட்டத்துக்கும் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் எடுக்கிறோம். மென்மையான ஷேடிங்குக்கு 2.5 முதல் 3 வரை போதும். முதல் மெஷினுக்கு 3.5 மி.மீ. வாங்குங்கள். கோடும் வரும், ஷேடிங்கும் வரும்.

ஸ்ட்ரோக்கை மாற்றும் வசதி முதல் மெஷினுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. கோடு சரியாக வராதபோது கையைத் திருத்தாமல் ஸ்ட்ரோக்கைத் திருகத் தோன்றும். மாற்றும் வசதி என்றாலே உள்ளே அசையும் பாகம் ஒன்று கூடுதல். லாக் தளர்ந்தால் சத்தமும் ஆட்டமும் வரும்.

வயர்லெஸ் சௌகரியம்தான். ஆனால் பேட்டரி பின்பக்கம் இருப்பதால் மெஷின் பின்னால் சாயும். மணிக்கட்டு சீக்கிரம் களைக்கும். வாங்குவதற்கு முன் பேட்டரியோடும் கார்ட்ரிட்ஜோடும் பேனா பிடிப்பது போல் பிடித்து, ஒரு பாட்டு ஓடும் நேரமாவது காற்றில் வரைந்து பாருங்கள். லித்தியம் பேட்டரி வருடங்கள் போகப் போகக் கொள்ளளவு குறையும். அதே வடிவப் பேட்டரி அப்போதும் கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். வயர் போட்ட மெஷினும் நல்ல பவர் சப்ளையும் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் விற்பவரிடம் கேட்க வேண்டும்: கேம், பேரிங், மோட்டார் தனித்தனியாகக் கிடைக்குமா? தெளிவான பதில் வராவிட்டால் மெஷின் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

கோட்டுக்கு எத்தனை வோல்ட், ஷேடிங்குக்கு எத்தனை வோல்ட்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– குழம்பிப்போன வாசகி

ஒவ்வொருவரும் தங்கள் மெஷினுக்குச் சரியான எண்ணைச் சொல்கிறார்கள். அந்த எண் உங்கள் மெஷினுக்குப் பொருந்தாது. ஒரே 7 வோல்ட்டில் ஒரு மோட்டார் பறக்கும், இன்னொன்று தள்ளாடும். மோட்டாரின் அமைப்பு, ஸ்ட்ரோக், கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பான மெம்பரேனின் விறைப்பு எல்லாம் சேர்ந்துதான் வேகம். பெரும்பாலான ரோட்டரிகள் 6 முதல் 10 வோல்ட்டுக்குள் வேலை செய்யும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் மெஷினை நினைத்துப் பாருங்கள். துணியை மெதுவாக நகர்த்தினால் தையல் நெருக்கமாக விழும், வேகமாக இழுத்தால் இடைவெளி விடும். டாட்டூவிலும் ஊசியின் வேகமும் கையின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் ஊசி ஒரு முறை குத்தும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் விநாடிக்கு 100 குத்து. கை மெதுவானவர் அந்த வேகத்தில் ஒரே இடத்தில் நின்றால் தோல் கிழியும். உங்கள் கை எந்த வேகத்தில் நடுங்காமல் போகிறதோ அதை முதலில் கண்டுபிடியுங்கள். அப்புறம் பயிற்சித் தோலில் கோடு புள்ளி புள்ளியாகத் தெரியும் அளவுக்கு வோல்ட்டைக் குறைத்து, புள்ளிகள் சேர்ந்து ஒரே கோடாகும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அங்கே நிறுத்துங்கள். அந்த எண்ணை ஊசி வகையோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மெஷின் மாறினால் நோட்டும் புதுசு.

பெட்டியில் 1207ஆர்எல், 1015சிஎம் என்று போட்டிருக்கிறது. என்ன அர்த்தம்?
– புதிய வாசகர்

முதல் இரண்டு இலக்கம் ஒரு ஊசிக்கம்பியின் தடிமன். 12 என்றால் 0.35 மி.மீ., 10 என்றால் 0.30, 08 என்றால் 0.25. அடுத்த இரண்டு இலக்கம் கூட்டத்தில் எத்தனை ஊசி என்பது. எழுத்து, அவை அடுக்கப்பட்ட விதம்: ஆர்எல் கோட்டுக்கான நெருக்கமான வட்டம், ஆர்எஸ் ஷேடிங்குக்கான தளர்ந்த வட்டம், சிஎம் வளைந்த மேக்னம், அதாவது ஷேடிங்குக்கான அகல வரிசை. சில கம்பெனிகள் அதையே ஆர்எம் என்று போடும். ஆக, 1207ஆர்எல் என்றால் 0.35 மி.மீ. ஊசிகள் ஏழு, கோட்டுக்கு. டேப்பர் என்று போட்டிருப்பது நுனி கூராகும் நீளம். நீளமான டேப்பர் தோலில் சிறிய துளை போடும். மை கொஞ்சமாக இறங்கும்.

எல்லாக் கார்ட்ரிட்ஜும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கிறது. மலிவானதை வாங்கினால் என்ன? மெம்பரேன் இருக்கிறதா என்று பார் என்கிறார்கள். அது எதற்கு?
– சிறிய ஸ்டூடியோ நடத்தும் வாசகர்

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதப் பக்கமே.

கார்ட்ரிட்ஜுக்குள் ஊசியின் பின்பக்கத்தில் ரப்பர் அல்லது சிலிக்கோன் மெம்பரேன் ஒன்று இருக்கும். அதற்கு இரண்டு வேலை. மெஷினின் தள்ளுகோல் ஊசியைத் தள்ளிய பிறகு ஊசியைப் பின்னுக்கு இழுப்பது ஒன்று. நுனி வழியாக ஏறும் மையும் ரத்தமும் கலந்த திரவம் மெஷினுக்குள் போகாமல் தடுப்பது இன்னொன்று. ஊசி விநாடிக்குப் பல பத்து முறை மேலும் கீழும் போகும்போது திரவத்தைப் பின்னால் இழுக்கத்தான் செய்யும். தடுப்பு இல்லாவிட்டால் அது க்ரிப்புக்குள் (கையால் பிடிக்கும் பகுதி) இறங்கும், தள்ளுகோலில் படியும். அடுத்த வாடிக்கையாளருக்குப் புதுக் கார்ட்ரிட்ஜ் மாட்டினாலும் அந்தத் தள்ளுகோல் பழையதுதானே? கையுறை மாற்றினீர்கள், ஊசி மாற்றினீர்கள், ஆனால் முந்தையவரின் ரத்தம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தொற்றும் வீரியத்தோடு இருக்கும்.

மெஷின் மந்தமாக ஓடுகிறது என்று என்னிடம் கொண்டுவந்த ஒன்றைத் திறந்தேன். தள்ளுகோலைச் சுற்றிக் கறுத்துக் காய்ந்த மை, அதன் ஓரத்தில் துருப்பழுப்பு நிறத்தில் ஒரு படிவு. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. அதன் உரிமையாளர் அக்கறையான மனிதர். மேஜையைத் தினமும் துடைப்பவர். மெம்பரேன் இல்லாத கார்ட்ரிட்ஜ் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் மெஷின் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, கார்ட்ரிட்ஜில் மிச்சம் பிடிக்காதீர்கள். புது லாட் வந்தால் ஒரே ஒரு கார்ட்ரிட்ஜைச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். மெஷினில் மாட்டாமல், நுனியை மை கலந்த தண்ணீரில் வைத்து, பின்பக்கத்தை ஒரு சுத்தமான குச்சியால் பலமுறை தள்ளுங்கள். பின்னால் நிறம் தெரிந்தால் அந்தப் பெட்டியையே திருப்பி அனுப்புங்கள். தள்ளிவிட்டதும் ஊசி சட்டென்று, நேராகத் திரும்ப வேண்டும். தயங்கித் திரும்பினால் மை தெறிக்கும், கோடு விட்டு விட்டு வரும். ஊசியைப் பக்கவாட்டில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். நுனிக்குள் அலையக் கூடாது. அலைந்தால் கோடு மங்கும். கடைசியாக ஊசியைப் பஞ்சின் மேல் இழுங்கள். இழை மாட்டினால் நுனி கொக்கியாக வளைந்திருக்கிறது. சோதித்த கார்ட்ரிட்ஜ் யார் தோலையும் தொடக் கூடாது, நேராகக் கூர்ப்பொருள் டப்பாவுக்குத்தான்.

வேலைக்கு எடுப்பதில் பாக்கெட் ஒட்டு பிரியாமல் இருக்கிறதா, லாட் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிறதா, எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கியதற்கான அடையாளம் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிரித்ததும் தொடாமல், லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக நுனியைப் பாருங்கள். ஐந்து விநாடி வேலை.

ஒரு எச்சரிக்கை. நல்ல மெம்பரேன் சற்று விறைப்பாக இருக்கும். பலவீனமான மோட்டார் அதைத் தள்ளத் திணறும். அப்போது மெம்பரேன் இல்லாத கார்ட்ரிட்ஜுக்கு மாறாதீர்கள், மெஷினை மாற்றுங்கள்.

ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டாவது நாள் வேலை இருக்கிறது. அவருடைய கார்ட்ரிட்ஜையே கழுவி ஆட்டோக்ளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) பண்ணி எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மெம்பரேனுக்குப் பின்னாலும் ஊசிகளின் இடுக்கிலும் இருப்பதைக் கழுவ முடியாது. கழுவ முடியாததை ஆட்டோக்ளேவ் சுத்தமாக்காது. பிளாஸ்டிக்கும் வெப்பத்தில் கோணிக்கொள்ளும். ஒரு முறை, ஒரு ஆள், அதோடு சரி. நீண்ட வேலையில் ஒரே நாளிலேயே ஊசி மழுங்கும். தோல் சீக்கிரம் சிவக்கிறது, மை முன்பு போல் ஏறவில்லை என்றால் நடுவிலேயே புதிதாக மாற்றுங்கள். மைக் கிண்ணத்தின் அடியில் ஊசி இடித்தாலும் அப்படியே.

மெஷின் சத்தம் போடுகிறது, சூடாகிறது. எண்ணெய் விடலாமா? தினமும் எப்படிச் சுத்தம் செய்வது?
– ஓராண்டாகத் தொழில் செய்யும் வாசகி

எண்ணெய் டப்பாவைக் கீழே வையுங்கள். சத்தம் வந்தால் முதலில் கார்ட்ரிட்ஜை மாற்றிப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பல அதோடு நின்றிருக்கின்றன. பிறகு வயரை மாற்றுங்கள். விட்டு விட்டு ஓடினால் பெரும்பாலும் வயரின் முனையில் உள்ள ஆர்சிஏ பின்னின் தளர்ச்சிதான். பிறகு பவர் சப்ளை. இதெல்லாம் சரி என்றால் மெஷினைத் திறந்து, கேமை மோட்டார் தண்டில் பிடித்திருக்கும் சின்னத் திருகைப் பாருங்கள். அது தளர்ந்தால் கடகடவென்று ஒரு சத்தம் வரும். இறுக்கினாலும் போகாவிட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. விரலால் மெதுவாகச் சுற்றினால் சொரசொரப்புத் தெரியும். பேரிங் மாற்றுவது சின்ன வேலை.

லேசான சூடு இயல்பு. பிடிக்க முடியாத சூடு என்றால் வோல்ட் அதிகம், அல்லது எதையோ மோட்டார் சிரமப்பட்டுத் தள்ளுகிறது. மூடிய பேரிங்குக்கு எண்ணெய் தேவையில்லை. தயாரிப்பாளர் சொன்ன இடம் இருந்தால் அங்கே மட்டும் ஊசி முனையளவு. கூடுதல் எண்ணெய் மோட்டாருக்குள் இறங்கும், மைத்தூளையும் இழுத்துவைக்கும்.

தினசரிச் சுத்தம் வேலைக்கு முன்னாலேயே தொடங்குகிறது. மெஷினுக்கு உறை, வயருக்கு உறை, க்ரிப்புக்குச் சுற்றுத்துணி, மூன்றும் ஆளுக்கு ஆள் புதிது. முடிந்ததும் கையுறையோடே கார்ட்ரிட்ஜைக் கழற்றி டப்பாவில் போட்டு, உறைகளை உள்பக்கம் வெளியே வரும்படி உரியுங்கள். கையுறையை மாற்றுங்கள். கிருமிநாசினியை மெஷின் மேல் நேராகத் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடைத்து, லேபிளில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாக விடுங்கள். உடனே காயத் துடைத்தால் மருந்து வேலை செய்யாது. தள்ளுகோலையும் அது வெளிவரும் துளையையும் மறக்காதீர்கள். மெஷினைத் தண்ணீரில் முக்கவும் கூடாது, ஆட்டோக்ளேவில் வைக்கவும் கூடாது. கழற்றக்கூடிய ஸ்டீல் க்ரிப் மட்டும் கழுவிப் பைக்குள் போட்டு ஆட்டோக்ளேவுக்குப் போகலாம்: 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். பேட்டரியை முழுக்கத் தீர்ந்த நிலையிலோ வெயில் படும் இடத்திலோ வைக்காதீர்கள்.

நான் டாட்டூ போடுபவள் அல்ல, போட்டுக்கொள்ளப் போகிறவள். இதில் எதைக் கவனிக்க வேண்டும்?
– முதல் டாட்டூவுக்குக் காத்திருக்கும் வாசகி

மெஷின் எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம். கார்ட்ரிட்ஜ் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், தேதியைப் பாருங்கள். மெம்பரேன் உள்ளதா என்று கேளுங்கள். மெஷினுக்கும் வயருக்கும் உறை போட்டிருக்கிறதா, மை புதுக் கிண்ணத்தில் ஊற்றப்படுகிறதா என்று கவனியுங்கள். நல்ல கலைஞர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்; பாக்கெட்டைத் தானாகவே உங்கள் கையில் கொடுத்துக் காட்டுவார். முகம் சுளித்தால் முன்பணம் போனாலும் போகட்டும் என்று எழுந்து வந்துவிடுங்கள்.