பறந்த மணிக்கணக்கை மட்டும் கேட்காதீர்கள்

சிறு விமானப் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்று மதுரையில் இருக்கிறேன். சிறு விமான விபத்துகள் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

திருமங்கலம், ஒரு தாயார்: மகன் விமானி உரிமத்துக்குப் படிக்கிறான். 200 மணி நேரம் பறந்தால் கிடைத்துவிடுமாம். அது போதுமா ஐயா?

உரிமம் வாங்கப் போதும் அம்மா. வணிக விமானிக்கு நம் நாட்டில் கேட்கும் குறைந்தபட்சம் அதுதான். மாணவனாக இருக்கும்வரை நான் அதிகம் பயப்பட மாட்டேன். வானம் சரியில்லையென்றால் ஆசிரியரே "இன்று வேண்டாம்" என்பார். உரிமம் கைக்கு வந்தபின் அதைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். 1999 ஜூலையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஓட்டிய பைப்பர் சரடோகா என்ற சிறு விமானம் கடலில் விழுந்தது. அவர் பறந்திருந்தது சுமார் 310 மணி நேரம். இரவு, மூட்டம், கீழே கடல். விசாரணையில் தெரிந்த காரணம் திசைமயக்கம்; அதாவது விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்றே தெரியாமல் போவது. எந்திரக் கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆனையூர், கல்லூரி மாணவர்: விமானம் சாய்ந்தால் உடம்புக்கே தெரியாதா?

தெரியாது தம்பி. மெதுவாகச் சாய்ந்தால் உள்காது அதை உணராது. பிறகு நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும்; கை பழைய சாய்வுக்கே திருப்பும். உயரம் குறைகிறதே என்று கைப்பிடியை இழுத்தால், சாய்ந்தபடி வட்டமிட்டு இறங்கும் அந்தச் சுழல் இன்னும் இறுகும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரைச் சோதித்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடி.

தேனி வாசகர்: பழுத்த அனுபவசாலிகளும் விழுகிறார்களே?

பலூனில் தனியாக உலகைச் சுற்றிய ஸ்டீவ் ஃபாசெட், 2007-ல் அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் மோதி இறந்தார். கீழ்நோக்கி அமுக்கிய மலைக்காற்று, அந்தச் சிறு விமானம் ஏறும் திறனை மிஞ்சிவிட்டது. ஆடிக்காற்றைப் பார்த்த தேனிக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வில்லாபுரம் வாசகர்: மதுரை வெயிலுக்கும் விபத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நல்ல கேள்வி. நம் ஓடுதளம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 460 அடி. அந்த உயரத்துக்கு விமானிகள் அளவுகோலாக வைக்கும் வெப்பம் 14 டிகிரி. மே மாத மதியம் 40 டிகிரி. கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 120 அடி சேர்த்தால், விமானம் தரையில் நிற்கும்போதே சுமார் 3,500 அடி உயரத்தில் இருப்பது போன்ற மெல்லிய காற்றில் நிற்கிறது. அதாவது கொடைக்கானலுக்குப் பாதி மலை ஏறியாகிவிட்டது! இன்ஜினின் பலம் குறையும், புரொப்பெல்லருக்குப் பிடிப்பு குறையும், இறக்கை தூக்கத் தாமதமாகும். மதுரையின் நீண்ட ஓடுதளம் இதைப் பொறுத்துக்கொள்ளும். சிறிய ஓடுதளத்தில் நான்கு பேரையும் முழு டாங்க் எரிபொருளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் எதிரே மரம் நிற்கும். குளிர்ந்த காலையிலேயே பறந்து சேர்த்த 300 மணி நேரத்தை இந்த மதியத்துக்கு அனுபவம் என்று நான் எண்ண மாட்டேன்.

செல்லூர் வாசகர்: இன்ஜின் நின்றால் கல்லைப் போல விழுமா?

விழாது. 5,000 அடியில் நின்றால் செஸ்னா 172 என்ற சிறு விமானம் சுமார் 14 கிலோமீட்டர் மிதந்து வரும். கிளம்பிய உடனே நின்றால்தான் ஆபத்து. நேராக இறங்காமல் ஓடுதளத்துக்கே திரும்பக் கூர்மையாக வளைப்பவர்கள் பலர். வேகம் போதாமல் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் வளைக்க வழக்கமான குறைந்தபட்ச வேகத்தைவிட 40 சதவீதம் கூடுதல் வேண்டும்.

கே.கே. நகர் வாசகர்: நண்பர் தன் விமானத்தில் அழைக்கிறார். என்ன கேட்கலாம்?

கடைசியாக எப்போது ஓட்டினார்? இதே ரகத்தில் எவ்வளவு? அமெரிக்காவில் பயணியை ஏற்ற, முந்தைய 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். உங்கள் எடையைக் கணக்கில் சேர்த்தாரா என்றும் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் பஸ்ஸில் போங்கள்.