"குடியை விடட்டும், அப்புறம் வைத்தியம் பார்க்கலாம்" என்றால்?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. மனம் எகிறுவதும் சோர்வதுமாக மாறிமாறி வரும் பைபோலார் நோய் என்று சொல்லி லித்தியம் மாத்திரை கொடுக்கிறார்கள். சில வாரம் தூக்கமே இல்லாமல் அலைவான். அப்படி ஒருமுறை பழைய தேக்குத் தூண்களைக் கடனுக்கு வாங்கி வளவு முழுக்க அடுக்கிவிட்டான். பிறகு மாதக்கணக்கில் ரெண்டாங்கட்டில் சுருண்டு கிடப்பான். இரண்டு நேரத்திலும் குடி. குடியை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார் டாக்டர். மறுவாழ்வு மையத்திலோ மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவரைச் சேர்க்க முடியாது என்கிறார்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலக்க ஒரு பொடி இருக்கிறதாம், கொடுக்கலாமா? கல்யாணம் பண்ணி ஒரு புள்ளியாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் பங்காளிகள். எதை முதலில் சரிசெய்வது?
– ஓர் ஆச்சி, காரைக்குடி பக்கம்

பதில்: அன்புள்ள ஆச்சி,

முதலில் அந்தப் பொடி. வேண்டவே வேண்டாம். அதில் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருந்தால், அதன்மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளியிடம் விளக்கி, அவர் சம்மதத்தோடு டாக்டர் கொடுக்க வேண்டிய மருந்து அது. விஷயம் தெரிந்துவிட்டால் உங்கள் கையால் போடும் சோற்றைத் தம்பி இனி நம்பிச் சாப்பிடவும் மாட்டார்.

எது முதலில் என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் வேண்டும். மனம் எகிறும்போது கட்டுப்பாடு போய்க் குடிக்கிறார். சோர்வு அழுத்தும்போது தூக்கம் வரட்டுமென்று குடிக்கிறார். குடித்துவிட்டு வரும் தூக்கம் பாதியில் கலைந்துவிடும், தூக்கம் கெட்டால் அடுத்த எழுச்சி கிளம்பும். அமெரிக்காவில் 1990-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தீவிர வகை பைபோலார் உள்ளவர்களில் பத்தில் ஆறு பேருக்கு வாழ்நாளில் ஏதாவதொரு கட்டத்தில் குடியோ வேறு போதையோ பிரச்சினையாக இருந்தது தெரியவந்தது. அதனால் உங்கள் வளர்ப்பு சரியில்லை என்று யாரும் பேசினால் காதில் வாங்காதீர்கள்.

வீட்டில் பூட்டிவைத்துக் குடியை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். தினமும் நிறையக் குடிக்கிறவருக்குச் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் இல்லாத உருவங்கள் தெரிந்து புத்தி தடுமாறலாம். பைபோலார்தான் திரும்பிவிட்டது என்று நினைத்துக் காத்திருப்பீர்கள், ஆனால் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம்.

லித்தியத்தைப் பற்றி உங்களிடம் யாரும் விளக்கமாகச் சொன்னார்களா தெரியவில்லை. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். குடித்துவிட்டு வாந்தியெடுப்பது, சித்திரை வெயில், உப்பில்லா விரதம், தை மாதம் பழனிக்கு நடப்பது என எல்லாமே இதில் சேரும். கால்வலிக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் மாத்திரைகளும் அளவை ஏற்றலாம். பாதயாத்திரை போக ஆசைப்பட்டால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போகட்டும். அளவு மிஞ்சினால் கை உதறும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும், வாந்தியும் பேதியும் வரும். பார்க்கிறவர்களுக்கு அது அப்படியே போதை மாதிரி இருக்கும். 'மறுபடி ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான்' என்று திண்ணையில் படுக்கவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், லித்தியம் சாப்பிடுகிறார் என்று சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

எங்கே போவது? சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ போய் மனநலப் பிரிவில் கேளுங்கள். "பைபோலாரும் இருக்கிறது, குடியும் இருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்துப் பாருங்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். குடியை மறைத்தால் மருந்துக் கணக்கே தப்பிவிடும்.

கல்யாணம் இப்போது வேண்டாம். நோய் அடங்கி, அவரே விரும்பி, பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிச் செய்கிற காலம் வரலாம். மருந்துக்குப் பதிலாக ஒரு பெண்ணை வீட்டுக்குள் கொண்டுவருவது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து பேசுங்கள். மறுபடி தூக்கம் குறைந்து பேச்சு வேகமானால் யாரைக் கூப்பிடுவது, செக் புத்தகமும் ஏ.டி.எம். கார்டும் யாரிடம் இருப்பது என்பதையெல்லாம் அவரே முடிவுசெய்யட்டும். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று அவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.

சோர்வில் இருக்கும் நாட்களில் மாத்திரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும், மொத்தமாக விழுங்கினால் லித்தியம் ஆபத்து. சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அவருக்காக மட்டுமல்ல, உங்களுக்குத் தாங்க முடியாமல் போகும்போதும் கூப்பிடுங்கள், ஆச்சி.