பழைய நாய் போன வீட்டுக்குப் புதுக் குட்டி: எப்போது, எப்படி?

கேள்வி: எங்கள் லாப்ரடார் மணி 12 வயதில் சிறுநீரகம் செயலிழந்து இறந்து ஒரு மாதம் ஆகிறது. 8 வயது மகள் தினமும் அழுகிறாள். கணவர் அதே நிறத்தில் ஒரு குட்டியை உடனே வாங்கி, அதே பெயரை வைக்கலாம் என்கிறார். மணிக்குச் சாப்பாடு வைத்து, வாக்கிங் கூட்டிப்போனதெல்லாம் என் மாமியார். அவர் “இனி இந்த வீட்டில் நாயே வேண்டாம்” என்கிறார். எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்? மணியின் தட்டு, படுக்கையைக் குட்டிக்குக் கொடுக்கலாமா?

பதில்: இத்தனை நாள் என்று கணக்கு எதுவும் கிடையாது. மருத்துவ ரீதியாகப் பார்த்தால், பழைய நாய் எதனால் இறந்தது என்பதுதான் முக்கியம். 12 வயதில் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாவது பெரும்பாலும் முதுமையால் வருவது, அது ஒட்டாது. ஆனால் நன்றாக இருந்த நாய் திடீரென்று காய்ச்சல், வாந்தி, மஞ்சள் காமாலை என்று படுத்துச் சில நாட்களில் போயிருந்தால், அது எலிக்காய்ச்சலா என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அந்தக் கிருமி நாயின் சிறுநீரில் வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் பல வாரங்கள் உயிரோடு இருக்கும். மனிதர்களுக்கும் தொற்றும். குட்டிக்கு அதற்கான தடுப்பூசியும் உண்டு.

இதைப் படிக்கும் வேறு யாராவது பார்வோ என்ற, குட்டிகளைத் தாக்கும் கடுமையான வாந்தி-வயிற்றுப்போக்கு நோயில் குட்டியை இழந்திருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்வோ வைரஸ் நிழலான மண்ணில் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும், சாதாரண ஃபினாயிலுக்கு அசையாது. தரையை முதலில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்தில் 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். தோட்டத்து மண்ணை அப்படிச் சுத்தம் செய்ய வழியில்லை. அந்த வீட்டுக்கு, தடுப்பூசிகளை முழுதாக முடித்த, கொஞ்சம் வளர்ந்த நாயைக் கொண்டுவருவதே நல்லது.

உங்களுக்கு அந்தத் தொற்றுக் கவலை இல்லையென்றால் மணியின் எவர்சில்வர் தட்டைக் கொதிநீரில் கழுவித் தாராளமாகப் பயன்படுத்தலாம். படுக்கையைத் தூக்கிப் போடுங்கள். காரணம் உண்ணி. நாய் உண்ணிகள் சுவர் விரிசலிலும் படுக்கை மடிப்பிலும் ஒளிந்துகொண்டு, ரத்தமே குடிக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். மணி படுத்த மூலையில், தரையும் சுவரும் சேரும் இடுக்கை டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகு மாதிரி ஏதாவது தென்பட்டால் பூச்சிமருந்து அடித்த பிறகுதான் குட்டி வர வேண்டும். சின்னக் குட்டிக்கு உண்ணிக்காய்ச்சல் வந்தால் ரத்தசோகை வரை கொண்டுபோய்விடும்.

சரி, மனிதர்கள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மாமியார்தான். சாப்பாடு வைத்தது அவர் என்றால், இப்போது காலையிலும் மாலையிலும் வெறுமையாக நிற்பது அவருடைய கைகள்தான். அவர் “வேண்டாம்” என்பதில், இன்னொன்றையும் வளர்த்துப் பறிகொடுக்கத் தெம்பில்லை என்பதும் இருக்கலாம், முதுகு வலிக்கிறது என்பதும் இருக்கலாம். இரண்டுக்கும் பதில் வேறு. எனவே கேளுங்கள். குட்டியைக் கொண்டுவந்து விட்டால் தானாக மனம் மாறிவிடுவார் என்ற யோசனை சில வீடுகளில் பலித்திருக்கலாம். நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். வேலை யார் தலையில் விழப்போகிறதோ, அவருடைய சம்மதம்தான் முதலில்.

எவ்வளவு வேலை என்றால், இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. இரவிலும் எழ வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே தூக்கிப்போக வேண்டும். நான்காவது மாதம் பல் விழ ஆரம்பித்தால் செருப்பு, நாற்காலிக் கால் எதுவும் மிஞ்சாது. உங்கள் கணவர் நினைவில் இருப்பது கேட் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து காலடியில் படுக்கும் 12 வயது மணி. அதே நிறத்தில், அதே பெயரில் வரும் குட்டி அவர் கையைக் கடிக்கும். “பழைய மணி இப்படிச் செய்ததே இல்லை” என்று தினமும் ஒருவர் சொல்வார் பாருங்கள், அது பாவம் அந்தக் குட்டிக்கு. அதே இனம் வாங்குவதில் தப்பில்லை. பெயர் மட்டும் வேறாக இருக்கட்டும். மகளையே வைக்கச் சொல்லுங்கள்.

மகளிடம் மணி தூங்கிவிட்டது, ஊருக்குப் போயிருக்கிறது என்றெல்லாம் சொல்லியிருந்தால் திருத்திவிடுங்கள். 8 வயதுக்குச் சாவு புரியும். அழட்டும். அழுகையை நிறுத்துவதற்காகக் குட்டி வாங்கித் தந்தால், அப்புறமும் மணியை நினைத்து அழுவது தப்போ என்று குழந்தை மறைக்கத் தொடங்கும்.

எல்லோரும் சம்மதித்த பிறகு, எட்டு வாரம் முடிந்த குட்டியாகப் பாருங்கள். அதற்கு முன் தாயிடமிருந்து பிரித்தால் கடிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கற்றிருக்காது. தடுப்பூசி மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி மீதமிருந்தால் முந்தைய ஊசி வேலை செய்யாமல் போகும் என்பதால்தான் இத்தனை தடவை. ஊசிகள் முடியும் வரை தெருநாய்கள் நடமாடும் மண்ணில் இறக்காதீர்கள், ஆனால் தூக்கிக்கொண்டு வெளியே போய் வண்டிச் சத்தம், புது முகங்கள் எல்லாம் காட்டுங்கள். மூன்று மாதம் வரை பழகியது மனதில் ஆழமாகப் பதியும்.

மாமியார் பதில் சொல்லும் வரை மகளிடம் பிறந்தநாள், லீவு என்று எந்தத் தேதியும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.