ஆன்லைன் கிட்டார் வகுப்பு: இன்றிரவே பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 44. ஃபோர்ட்டில் அலுவலகம், வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். கிட்டார் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆசை. ஒரு ஆன்லைன் அகாடமியில் டெமோ வகுப்பு முடித்தேன். ஒரு வருடக் கோர்ஸ் 42,000 ரூபாயாம். இன்றிரவுக்குள் சேர்ந்தால் 30,000, கிட்டாரும் இலவசம், வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்கிறார்கள். பான், ஆதார் அனுப்பிவிட்டேன், ஓடிபி மட்டும் பாக்கி. சேரலாமா? தோழியின் கிட்டாரை வாங்கி முயன்றதில் விரல் நுனி எரிகிறது. சின்ன வயதில் ஆறேழு வருடம் கர்நாடகப் பாட்டு கற்றிருக்கிறேன். இந்த வயதில் கிட்டார் வருமா?

பதில்: ஓடிபியைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்களுக்கு போன் செய்யும் ‘கவுன்சிலர்’ இசை ஆசிரியர் இல்லை. சேர்க்கைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வாங்கும் விற்பனை ஆள். கிட்டாரை மடியில் எப்படி வைப்பது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘இன்றிரவுக்குள்’ என்று அவசரப்படுத்துகிறாரே, அது 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையிலேயே ஏமாற்று உத்தி என்று பட்டியலிடப்பட்ட ஒன்று. பொய்யான அவசரம் என்றே அதற்குப் பெயர். நெறிமுறை வந்தது, போன் நின்றதா? நாளை காலை கூப்பிட்டுப் பாருங்கள், ‘உங்களுக்காக மேனேஜரிடம் பேசி இன்னும் ஒரு நாள் வாங்கியிருக்கிறேன் மேடம்’ என்பார்.

அடுத்து அந்த வட்டியில்லாத் தவணை. அகாடமியே தவணை தருகிறது என்று நினைத்திருப்பீர்கள். நடப்பது வேறு. நீங்கள் ஓடிபி கொடுத்ததும் ஒரு கடன் நிறுவனம் உங்கள் பெயரில் கடன் போட்டு, பணத்தை மொத்தமாக அகாடமிக்குக் கொடுத்துவிடுகிறது. வட்டியை அகாடமி ஏற்றுக்கொள்கிறதாம். அதாவது கோர்ஸ் விலைக்குள் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது மாதம் ஆசிரியர் மாறுவார், அல்லது உங்களுக்கே மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் வேலையில் நேரம் இருக்காது. நீங்கள் நிறுத்தினாலும் வங்கிக் கணக்கில் தானியங்கிப் பிடித்தம் நிற்காது. பணம் இல்லாமல் திரும்பினால் அபராதம், கூடவே சிபில் மதிப்பெண்ணிலும் அடி. வகுப்பு சரியில்லை என்று கடன் நிறுவனத்திடம் சொன்னால் ‘அது உங்களுக்கும் அகாடமிக்கும் உள்ள விஷயம்’ என்பார்கள். அகாடமியைக் கேட்டால் ‘கடனை நாங்கள் ரத்து செய்ய முடியாது’ என்பார்கள். என்னிடம் வரும் பெரியவர்களில் பலர் இந்த இரண்டு பதிலையும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, செயலி வழியாகத் தரும் கடனுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும். அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலகிக்கொள்ளும் நாட்கள் எத்தனை என்பது அதில் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விலக வேண்டுமானால் அசலை நீங்கள் கட்ட வேண்டும். அசலோ அகாடமி கையில்! 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். அவர்கள் அதை அகாடமிக்கே அனுப்புவார்கள், அகாடமி தன் நிபந்தனைகளை நகலெடுத்துப் பதிலாக ஒட்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த வரியை எழுதியவர் ஆணையத்தின் வாசலில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார். 30,000 ரூபாய்க்காக எத்தனை நாள் லீவு போடுவீர்கள்?

பான், ஆதார் போய்விட்டதால் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. ‘எனக்குக் கடன் வேண்டாம், என் ஆவணங்களை நீக்கிவிடுங்கள்’ என்று அகாடமிக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது. சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒரு மாதம் கழித்து அதை வாங்கி, உங்கள் பெயரில் புதுக் கடன் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, கிட்டாருக்கு வருவோம்.

தொடக்கநிலைப் பாட வீடியோக்களுக்குப் பணமே தர வேண்டாம். ஆஸ்திரேலியரான ஜஸ்டின் சாண்டர்கோ தன் ஜஸ்டின்கிட்டார் தளத்தில் ஆரம்பப் பாடங்களை வரிசைப்படி இலவசமாகவே வைத்திருக்கிறார். அதைவிட ஒழுங்கான வரிசையை 42,000 ரூபாய்க் கோர்ஸ்களில் நான் பார்த்ததில்லை. வீடியோவால் முடியாதது ஒன்றுதான்: உங்கள் விரலைப் பார்த்து ‘கட்டைவிரலை இறக்குங்கள்’ என்று சொல்வது. அதற்கு மட்டும் காசு கொடுங்கள். வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், தனி வகுப்பு, மாதக் கணக்கில் பணம். மாதக் கட்டணம் வாங்க மறுக்கும் ஆசிரியர் வேண்டாம். எட்டுப் பேரைச் சேர்த்து நடத்தும் ‘நேரலை’ வகுப்பும் வேண்டாம். அதில் எட்டுப் பேரின் மைக்கையும் அணைத்து வைத்திருப்பார்கள். டெமோ எடுத்தவரே தொடர்ந்து எடுப்பாரா என்றும் கேளுங்கள். பல இடங்களில் நல்ல ஆசிரியரை டெமோவுக்கு மட்டுமே வைத்திருப்பார்கள்.

அகாடமி தானே அச்சடித்துத் தரும் சான்றிதழை யாரும் கேட்கப்போவதில்லை. தேர்வு எழுத ஆசை வந்தால் டிரினிட்டி காலேஜ் லண்டன், ராக்ஸ்கூல் ஆகியவற்றின் கிரேடு தேர்வுகளை எந்த அகாடமியில் படித்தவரும் எழுதலாம்.

‘இலவச’ கிட்டாரைப் பற்றி. அவற்றில் பெரும்பாலானவை கடையில் மூவாயிரத்துக்குக் கிடைக்கும் ரகம். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். வாசிக்கும் கம்பிக்கும் ஃப்ரெட் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஆக்‌ஷன் என்பார்கள். மலிவான கிட்டாரில் அது தூக்கலாக இருக்கும். ஏடிஎம் கார்டு ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் தடிமன். எழுத்து புடைத்திராத மூன்று கார்டுகளை அடுக்கி, ஸ்டீல் கம்பிக் கிட்டாரின் 12-ஆவது ஃப்ரெட்டில் மேலே உள்ள தடித்த கம்பிக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். மூன்று கார்டு பட்டும் படாமலும் நின்றால் நல்ல கிட்டார், நான்கு நுழைந்தால் பரவாயில்லை. ஐந்து சுலபமாகப் போனால் அதை அழுத்த உங்கள் விரலுக்குப் பயில்வான் பலம் வேண்டும். உங்கள் தோழியின் கிட்டாரிலும் இதைச் செய்து பாருங்கள். எரிச்சலுக்குக் காரணம் பாதி வயது, பாதி கிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசி கிட்டார்தான். சில நூறு ரூபாய்க்கு ஆக்‌ஷனை இறக்கித் தரும் ஆட்கள் மும்பையில் உண்டு. மழைக்காலத்தில் இங்கே மரம் ஈரம் குடித்து, ஆக்‌ஷன் தானாகவே ஏறும். ஜூன் பிறந்ததும் உறைக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள்.

பத்தாயிரம் ரூபாயைச் சுற்றி ஒதுக்கினால் யமஹா எஃப்310 போன்ற ஸ்டீல் கம்பிக் கிட்டாரோ, சி40 போன்ற நைலான் கம்பிக் கிட்டாரோ கிடைக்கும். நைலான் விரலுக்கு மென்மை, ஆனால் கழுத்து அகலம்: சி40-இல் 52 மில்லிமீட்டர், எஃப்310-இல் 43. கை சின்னதாக இருந்தால் அந்த ஒன்பது மில்லிமீட்டர் நன்றாகவே உறைக்கும். எனவே படம் பார்த்து வாங்காமல் கையில் பிடித்துப் பாருங்கள். உங்களுக்கு அது சிரமமும் இல்லை. ஹார்பர் லைன் ரயிலில் சிஎஸ்எம்டி இறங்கிய பிறகு தோபி தலாவ் பக்கம் நடந்தால் 1865-லிருந்து இருக்கும் ஃபர்ட்டாடோஸ் இசைக்கருவிக் கடை. வாசிக்கத் தெரியாவிட்டாலும் உட்கார்ந்து, ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

கிட்டாரை ஆன்லைனில் வாங்காதீர்கள் என்பதில் ஒரே ஒரு விலக்கு, இடதுகைக்காரர்கள். நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் கவுன்சிலர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். ‘கம்பியை மாற்றிப் போட்டால் போதும் மேடம்’ என்பார்கள். போதாது. தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டில் ஒவ்வொரு பள்ளமும் அந்தந்தக் கம்பியின் தடிமனுக்கு வெட்டியது. தடித்த கம்பி மெல்லிய பள்ளத்தில் இறங்காது, மெல்லியது அகலப் பள்ளத்தில் ஆடிக் கரகரக்கும். ஸ்டீல் கம்பிக் கிட்டாரில், கம்பிகளின் மறுமுனை மாட்டியிருக்கும் பிரிட்ஜில் உள்ள வெள்ளைக் கட்டையும் சாய்வாக இருக்கும். திருப்பிப் போட்டால் மேல் ஃப்ரெட்களில் சுருதி சேராது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலதுகைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து வாசித்தார்தான், ஆனால் அது எலெக்ட்ரிக், அதில் சுருதியைக் கம்பிக்குக் கம்பி திருகி சரிசெய்துகொள்ளலாம். மார்க் நாப்ஃளர் இடதுகைக்காரர், எல்லோரையும்போல வலதுகைக் கிட்டாரையே வாசிக்கிறார். ஆக இரண்டு வழி உண்டு. சோறு பிசைவதிலிருந்து பந்து எறிவது வரை எல்லாமே இடதுகை என்றால் இடதுகைக் கிட்டார் வாங்குங்கள். எழுத மட்டும் இடதுகை என்றால் வலதுகைக் கிட்டாரை முதலில் பிடித்துப் பாருங்கள். அதில் கார்ட், அதாவது பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கக் கம்பிகளை அழுத்தும் பிடி, எப்படியும் இடதுகைதான். இடதுகைக் கிட்டார்கள் கடைகளில் அபூர்வம், அதனால் ஆன்லைனில் வரவழைத்தே ஆக வேண்டும். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அந்த ஏடிஎம் கார்டு சோதனையைச் செய்துவிடுங்கள். ஆன்லைன் வகுப்பில் இவர்களுக்கு ஒரு லாபமும் உண்டு: திரையில் எதிரே உட்கார்ந்திருக்கும் வலதுகை ஆசிரியர் அவர்களுக்குக் கண்ணாடிப் பிம்பமாகத் தெரிவார், அப்படியே பார்த்துச் செய்யலாம்.

உங்கள் விரலுக்கு வருகிறேன். நுனி எரிவது முதல் மூன்று நான்கு வாரம் இருக்கும், பிறகு தோல் தடித்துவிடும். இடதுகை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஃப்ரெட்டின் மேலேயோ இரண்டு ஃப்ரெட்களுக்கு நடுவிலோ அழுத்தாமல் ஃப்ரெட்டுக்குச் சற்றே பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல் காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்தாலோ அது வேறு விஷயம். நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

வயதைப் பற்றிய கவலை எனக்கில்லை, ஏனென்றால் பாட்டு கற்ற காது உங்களிடம் இருக்கிறது. அடியில் உள்ள மெல்லிய கம்பியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தாமல் மீட்டினால் ஸட்ஜமம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 3 கட்டை. பிறகு 1, 4, 5, 7, 8, 11, 12-ஆவது ஃப்ரெட்களில் வரிசையாக அழுத்துங்கள். மாயாமாளவகௌளை ராகம் வந்துவிட்டது. ஸரளி வரிசை உங்களுக்கு மனப்பாடம், தவறான ஃப்ரெட்டில் விரல் விழுந்தால் காது சொல்லிவிடும். மேற்கத்திய இசைக் குறியீடான ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். பாடிக்கொண்டே வாசிக்கும்போது சுருதி இறங்கியதாகப் பட்டால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும், நூற்றுச் சொச்சத்துக்குக் கிடைக்கும் கேப்போ என்ற கிளிப்பை மூன்றாவது ஃப்ரெட்டில் மாட்டுங்கள். ஈ கார்ட் பிடிக்கிற அதே விரல்கள் இப்போது 5 கட்டை சுருதியைத் தரும். இதை எந்த கவுன்சிலரும் சொல்ல மாட்டார். எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம்தான்.

வகுப்பு நாளில் போனை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். ஆசிரியருக்கு உங்கள் முகம் தேவையில்லை. இடதுகையும் கம்பியை மீட்டும் கையும் ஒன்றாகத் தெரியும்படி சற்றுப் பக்கவாட்டில், மார்பு உயரத்தில் வையுங்கள். ஜூம் கிட்டார் ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும், அமைப்புகளில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதை இயக்கிவிடுங்கள். ஒலி போய்ச் சேரத் தாமதமாகும் என்பதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. உங்களை வாசிக்கச் சொல்லிவிட்டு அவர் கேட்க வேண்டும், பிறகு அவர் வாசிக்க நீங்கள் கேட்க வேண்டும். அரை மணி நேரமும் தானே வாசித்துக் காட்டுபவர் என்றால் அடுத்த மாதம் ஆளை மாற்றுங்கள்.

ஈ மைனர், ஏ, டி, அப்புறம் ஜி, சி என்று போய் மூன்றாவது நான்காவது மாதத்தில் எஃப் வரும். ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்தும் கார்ட் அது. பாதிப் பேர் கிட்டாரை அலமாரிக்கு மேல் ஏற்றுவது அங்கேதான். விரல் அதற்குப் பழகும்வரை கீழே உள்ள நான்கு கம்பிகளில் மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் போதும் என்று உங்கள் ஆசிரியரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.