காலையில் எரியும், வழியில் அணையும்

கேள்வி: என் கார் வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பத்து நாட்களாகக் காலையில் வண்டியைக் கிளப்பியதும் டயர் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அரை மணி நேரம் ஓட்டினால் தானாக அணைந்துவிடுகிறது. காற்றடிக்கும் இடத்தில் அளந்தால் நான்கு டயரும் 30 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் காட்டுகின்றன. ‘சென்சார் போய்விட்டது, நான்கையும் மாற்றிவிடுங்கள்’ என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள். இந்த வழக்கில் நான் விளக்கின் பக்கம். காற்றடிக்கும் இடத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டுதானே போகிறீர்கள்? ஓடும்போது டயர் சூடேறுகிறது, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் கூடுகிறது. வெயிலில் சற்று வேகமாகப் போய்விட்டு அளந்தால் நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவது சாதாரணம். நீங்கள் பார்த்த 30, விடியற்காலையில் 26 ஆக இருந்திருக்கலாம். விளக்கு பார்த்தது அந்த 26-ஐ.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள காற்றழுத்த அளவு குளிர்ந்த டயருக்கானது. அதாவது மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற டயருக்கு. ஸ்டிக்கரில் 33 என்றிருந்தால் குளிர்ந்த டயரில் 33 இருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, அந்த அளவில் கால் பங்கு குறைவதற்குள் விளக்கு எரிந்தாக வேண்டும். 33-க்கு அது ஏறக்குறைய 25. சில கார்கள் இன்னும் முன்னதாகவே எரியவிடும். இதோடு பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் இறங்கினால் அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ. போல இறங்கும். விளிம்பில் நிற்கும் டயரை ஒரு குளிர்ந்த இரவு கீழே தள்ளிவிடும்.

ஆகவே சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள். நாளைக் காலை சாவியைத் தொடும் முன் நான்கையும் அளந்து தாளில் எழுதுங்கள். ஸ்டிக்கர் அளவுக்குக் காற்று நிரப்பிவிட்டு, மூன்று நாள் கழித்து அதே வேளையில் மறுபடி அளங்கள். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஓரிரு பி.எஸ்.ஐ. குறையும், அதை விட்டுவிடலாம். நான்கில் ஒன்று மட்டும் வேகமாக இறங்கியிருந்தால் குற்றவாளி அதுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்க இடது டயர் வாரம் நான்கு பி.எஸ்.ஐ. விழுங்கிக்கொண்டிருந்தது. சோப்பு நீரை டயர் முழுவதும் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. ரிம் ஓரத்திலும் இல்லை. சென்சாரைத் திட்டியபடியே இரண்டு வாரம் கழிந்தது. பிறகு ஒரு வயதான மெக்கானிக் வால்வு மூடியைக் கழற்றி, விரலில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்தார். ஐந்து விநாடி. கடுகளவு குமிழி ஒன்று எழுந்து, உப்பி, உடைந்தது. வால்வுக்குள் இருக்கும் சின்னத் திருகு ஊசி தளர்ந்திருந்தது. நான் மூடியைக் கழற்றாமலே சோப்பு தடவியிருக்கிறேன்!

சென்சார் கெடுவதே இல்லை என்று சொல்லவில்லை. அதனுள் இருக்கும் பேட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை தாங்கும். உங்கள் காருக்கு ஏழு வயது. ஆனால் சென்சார் போனால் பெரும்பாலான கார்களில் விளக்கு வேறு விதமாகப் பேசும்: கிளப்பியதும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கண் சிமிட்டும், பிறகு அணையாமல் எரியும். சிமிட்டுவதாக நீங்கள் எழுதவில்லை. சிமிட்டினாலும், போனது எது என்று கருவியை வைத்துப் பார்த்து அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சக்கரத்துக்குள் சென்சாரே இல்லாத கார்களும் உண்டு. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுச் சுருங்கும், அதனால் மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு அதைக் கவனித்து விளக்கை எரியவிடும். அத்தகைய வண்டிகளில் காற்று நிரப்பிய பின் பொத்தானையோ திரை மெனுவையோ கொண்டு புதிய அளவைப் பதியவைத்தால்தான் பொதுவாக விளக்கு அணையும். உங்களுடையது தானாக அணைவதால் சென்சார் உள்ள வகையாகத்தான் தோன்றுகிறது. இருந்தாலும் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். இல்லாத சென்சாரை மாற்றக் காசு கொடுத்தவரை எனக்குத் தெரியும்.

கேள்வி: டயரின் பக்கவாட்டில் 51 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கிறது. அந்த அளவுக்கு நிரப்பினால் விளக்குத் தொல்லையே இருக்காதல்லவா?

பதில்: விளக்குத் தொல்லை இருக்காது, பிரேக் தொல்லை இருக்கும். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்குச் சொன்னதல்ல. அளவுக்கு மீறி உப்பிய டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையில் பதியும். பிடிமானம் குறையும், நடுவில் சீக்கிரம் தேயும். கதவுத் தூண் ஸ்டிக்கரையே பாருங்கள்.

கேள்வி: பஞ்சராகி ஸ்டெப்னி மாட்டினேன். அதில் காற்று சரியாக இருந்தும் விளக்கு சிமிட்டுகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலான ஸ்டெப்னிகளில் சென்சார் வைப்பதில்லை. கார் நான்காவது குரலைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, சிமிட்டுகிறது. பஞ்சர் ஒட்டிய பழைய சக்கரத்தை மாட்டிச் சற்று தூரம் ஓட்டினால் நின்றுவிடும். உங்களுடையது ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். அதற்கான காற்று அளவும் வேறு, பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. அதன் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.